கொப்பி எடுப்பதுதானே என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

"இங்கே இருப்பதை அங்கே போடுவதுதானே தம்பி, அதற்கு எதற்கு ஒரு வாரம்?"

பழைய கணினியிலிருந்து புதியதற்குக் கோப்புகளை மாற்றும் வேலையைப் பற்றி அலுவலகத்தில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. திருகோணமலையில் நான் கணினி வேலைகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தின் காணி உறுதிகள், நில அளவைப் படங்கள் எல்லாம் ஒரே ஒரு பழைய சேர்வரில், அதாவது எல்லோரும் கோப்பு எடுக்கும் பொதுக் கணினியில், கிடந்தன. அதில் ஓடிய இயங்குதளம் விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரி 14 உடன் நிறுத்திவிட்டது. அன்று தொடங்கி வருடா வருடம் மாற்றச் சொன்னேன். "ஓடுகிறதுதானே!" இதுதான் பதில். கடற்காற்றின் உப்பில் மின்விசிறி துருவேறி அலறத் தொடங்கிய பிறகுதான் புதிய இயந்திரம் வந்தது.

வந்ததும் அவசரம். எனக்குச் சொல்லாமலே ஒரு சனிக்கிழமை அலுவலகப் பையனைக் கொண்டு எல்லாவற்றையும் மவுஸால் இழுத்துப் போட வைத்துவிட்டார்கள். எந்தக் கோப்புறையை யார் திறக்கலாம், யார் திருத்தலாம் என்று நான் பார்த்துப் பார்த்து வைத்த அனுமதிகள் அப்படி இழுத்தால் கூடவே வராது. புதிய இடத்து அனுமதிதான் வந்து ஒட்டும். திங்கட்கிழமை காலை அலுவலகம் முழுவதும் சம்பளப் பட்டியலைத் திறந்து பார்த்தது! கோப்புறைப் பெயர்களெல்லாம் சேர்ந்த முழுப் பாதை 260 எழுத்துகளைத் தாண்டிய கோப்புகள் வரவே இல்லை. பையன் 'ஸ்கிப்' (விட்டுவிடு) அழுத்தியிருக்கிறான். அவன் மேல் குற்றமில்லை, யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. விண்டோஸோடு வரும் ரோபோகொப்பி என்ற கொப்பிக் கருவியில் சரியான ஒரு கட்டளை கொடுத்திருந்தால் அனுமதியும் திகதியும் கோப்போடு வந்திருக்கும்.

அனுமதிகளைச் சீர்செய்து நிமிர்ந்தால், போட்டோக்கொப்பி இயந்திரத்திலிருந்து ஸ்கேன் வரவில்லை. அந்தக் கிழட்டு இயந்திரத்துக்கு எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை மட்டுமே தெரியும். புதிய சேர்வரில் அதை நாமாக நிறுவினால்தான் உண்டு. "அப்படியானால் நிறுவிவிடும், தம்பி." எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள்! 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாக்ரை என்ற தீநிரல் பிரித்தானிய வைத்தியசாலைகளைக்கூட முடக்கியது அந்த எஸ்எம்பி 1 ஓட்டைக்குள் புகுந்துதான். முடியாது என்றேன். நாளைக்குக் கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்வேன்.

இது வெறும் கோப்புப் பிரச்சினை இல்லை. 2006 இல் போரின்போது மூதூரிலிருந்து உடுத்த துணியோடு ஓடிய குடும்பங்கள் தொலைந்த உறுதிக்குப் பிரதி கேட்டு இந்த அலுவலகப் படியேறுகின்றன. பிரதியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா அழுததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள் 'ஸ்கிப்' ஆகியிருந்தால் அவருக்கு யார் பதில் சொல்வது?

நேற்றுப் புதுக்கதை: பழைய சேர்வரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாமாம். வராமல் நின்ற கோப்புகள் அதற்குள்தான் இன்னும் இருக்கின்றன. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுக் கடைசிக் கோப்பையும் சரிபார்க்கும் வரை அந்தப் பெட்டியில் ஒருவரும் கை வைக்க முடியாது. அறையின் சாவி என்னிடம் இருக்கிறது.