சிங்ஸ்டார் பற்றி சுத்துற மெசேஜ் பிழை

எங்கட மட்டக்களப்பு வாட்ஸ்அப் குரூப்புகள்ல ஒரு மெசேஜ் சுத்துது, பிளேஸ்டேஷன் 2க்கு வந்த சிங்ஸ்டார் கரோக்கே கேம் இங்கிலீஷ் உச்சரிப்பப் பாத்துத்தான் பொயின்ட் போடுமாம், எங்கட ஆக்கள் பாடினா விழாதாம், விமர்சகர்களும் அதாலதான் கேம கிழிச்சவங்களாம். ரெண்டும் பொய்.

2004ல முதல் சிங்ஸ்டார் வந்த நேரம் பார்ட்டி கேமா நல்லாத்தான் எழுதினாங்க, சொன்ன குறை வேற: பாட்டு காணாது, அதோட சொல்லே இல்லாம ம்ம்ம் எண்டு முணங்கினாலும் பொயின்ட் வருது எண்டு. இந்தக் குறையே அந்த மெசேஜுக்கு நேர் எதிர்தானே!

பாடக்குள்ள ஸ்கிரீன்ல கோடு கோடா ஓடும், உங்கட சுருதியும் நேரமும் சரியா வந்தா அந்தக் கோடு நிரம்பும், அவ்வளவுதான். பொம்பிளை பாடின பாட்ட ஆம்பிளை கீழ்ஸ்தாயில பாடினாலும் ஏத்துக்கும். சந்தேகமெண்டா மைக்கப் பிடிச்சி முணங்கிப் பாருங்க.

இன்னொண்டு, சோனி சர்வர மூடினதால டிஸ்க்கும் வேல செய்யாதாம். 2020 ஜனவரி 31ல நிப்பாட்டினது ஒன்லைன் கடையும் ஒன்லைன் வசதியும்தான், டிஸ்க்ல இருக்கிற பாட்டு இப்பவும் ஓடும். இத நம்பி கல்லடியிலயோ கல்முனையிலயோ ஆரும் நல்ல டிஸ்க்க எறிஞ்சிராதீங்க, பிள்ளையள் பாடட்டும்.