எண்ணெய் விழுந்தால் நிஃப்டியை வாங்கலாமா?

கச்சா எண்ணெய் விலை சரியும் ஒவ்வொரு முறையும் ஒரே கணக்கு சுற்றுக்கு வருகிறது. இந்தியா தன் தேவையில் எண்பது சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. விலை குறைந்தால் டாலர் மிச்சம், பணவீக்கம் தணியும், நிறுவனங்களின் லாபம் கூடும். ஆகவே காலையில், ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டியின் ஃபியூச்சர்ஸை (பின்தேதி ஒப்பந்தத்தை) ஒரு லாட், அதாவது ஒரு தொகுதி, வாங்கிப் போடு! கணக்கில் தவறில்லை. ஆனால் அது பலிக்க ஓராண்டு பிடிக்கலாம். நாள் வணிகம் செய்பவர் கையில் இருப்பதோ 9.15 முதல் 3.30 வரை, ஆறேகால் மணி நேரம்.

2020 மார்ச் 9, திங்கள்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய வெள்ளியன்று வியன்னாவில் கூடிய எண்ணெய் உற்பத்தி நாடுகளின் கூட்டத்தில் உற்பத்திக் குறைப்புக்கு ரஷ்யா சம்மதிக்கவில்லை. சனி, ஞாயிறுக்குள் சவூதி அரேபியா தன் எண்ணெயின் விலையைத் தடாலடியாகக் குறைத்தது. திங்கள் அதிகாலை ஆசிய நேரத்தில், உலகச் சந்தையின் அளவுகோலான பிரெண்ட் கச்சா எண்ணெய் சுமார் 30 சதவீதம் சரிந்தது. 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு ஒரே நாளில் அப்படி விழுந்ததில்லை. எண்ணெயை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? நிஃப்டி அன்று 538 புள்ளிகளை இழந்து 10,451இல் முடிந்தது. அப்போது ஒரு லாட் 75 அலகு; ஒரு புள்ளிக்கு 75 ரூபாய். வெள்ளிக்கிழமை வாங்கி வைத்துவிட்டுப் போனவருக்கு லாட்டுக்கு ஏறத்தாழ 40,000 ரூபாய் போயிற்று. குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்றுவிடும் ஸ்டாப் லாஸ் இருக்கிறதே என்பார்கள். சந்தை திறந்ததே சுமார் 250 புள்ளிகள் கீழே. அவர்கள் மனத்தில் வைத்திருந்த விலையில் அன்று வணிகமே நடக்கவில்லை.

எண்ணெய் மட்டும் செய்த வேலை அல்ல அது. கொரோனா அச்சம் ஏற்கெனவே பரவியிருந்தது. நான்கு நாள் முன்புதான் யெஸ் வங்கிக்குக் கட்டுப்பாடு விதித்திருந்தார்கள். ஆனால் எண்ணெய் ஏன் விழுகிறது என்று கேட்காமல் விழுகிறது என்பதை மட்டும் பார்ப்பவருக்கு இவையெல்லாம் கண்ணில் படுவதில்லை. உலகம் பயந்தால் வெளிநாட்டு முதலீட்டாளர் எதை விற்க முடியுமோ அதை விற்பார். குறியீட்டில் பெரும் எடை கொண்ட ரிலையன்ஸ் அன்று 12 சதவீதம் விழுந்தது. பெயின்ட், டயர் நிறுவனங்களுக்கு மூலப்பொருள் மலிவாகும் என்பது உண்மைதான். அதை வைத்துக் குறியீட்டைத் தூக்கி நிறுத்த முடியாது.

2014–16 சரிவு இன்னும் சுவையானது. 2014 ஜூனில் 115 டாலருக்கு அருகே இருந்த பிரெண்ட், 2016 ஜனவரியில் 28 டாலருக்கும் கீழே போனது. அதே சரிவின் முற்பாதியில் நிஃப்டி ஏறியது. 2015 மார்ச்சில் 9,000ஐத் தாண்டியது. பிற்பாதியில் எண்ணெயோடு சேர்ந்து இறங்கி, 2016 பிப்ரவரியில் 7,000க்கும் கீழே வந்தது. முதலில் அமெரிக்காவில் பாறை அடுக்குகளிலிருந்து எடுக்கும் ஷேல் எண்ணெய் பெருகியது. வரத்து கூடி விலை குறைந்தால் நமக்குக் கொண்டாட்டம். பிறகு சீனாவின் தேவை சுருங்குகிறது என்ற பயம் சேர்ந்துகொண்டது. 2016 ஜனவரியில் அமெரிக்கப் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500 எண்ணெயின் வாலைப் பிடித்துக்கொண்டே போனது. எண்ணெய்க்கும் பங்குக்கும் நிலையான உறவு என்று ஒன்றைச் சொல்லி டெலிகிராமில் சந்தா வசூலிப்பவர்கள், இந்த இரண்டில் எந்த ஆண்டைச் சொல்கிறார்கள்?

போகிற போக்கில் ஒன்று. அந்த ஓராண்டுக் கணக்கிலும் ஓட்டை உண்டு. 2020 மார்ச் 14 அன்றே மத்திய அரசு பெட்ரோல், டீசல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் உயர்த்தியது. மே மாதம் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய். மிச்சமான பணத்தில் பெரும்பங்கு கஜானாவுக்குப் போனது.

எண்ணெய் சரியும் வாரங்களில் நான் பார்ப்பது ரூபாயின் போக்கு, அமெரிக்கக் குறியீட்டு ஃபியூச்சர்ஸ், முதல் அரைமணி நேர ரிலையன்ஸ். இரண்டு லாட் எடுப்பவர் ஒன்றாகக் குறைக்கலாம். ஒன்று எடுப்பவர் வேடிக்கை பார்க்கலாம். இரவுக்கு எதையும் விட்டுவைக்கக் கூடாது. எண்ணெயின் பெரிய செய்திகள் பெரும்பாலும் நம் சந்தை மூடியபிறகே வருகின்றன. அமெரிக்காவின் வாராந்திர எண்ணெய் இருப்புக் கணக்கு வெளியாவதே புதன்கிழமை இரவு நம் நேரப்படி எட்டு, ஒன்பது மணிக்கு. காலை 9.15க்கு நாம் காணும் விலையில் அது ஏற்கெனவே அடங்கிவிடுகிறது.

எண்ணெயைப் பற்றித் திடமான கருத்து இருந்தால் எண்ணெயிலேயே வணிகம் செய்யலாமே, எண்ணெய், உலோகம் போன்ற பொருள்களின் சந்தையான எம்சிஎக்ஸ் நள்ளிரவு வரை திறந்திருக்கிறதே என்று கேட்கலாம். 2020 ஏப்ரல் 20 அன்று அது அப்படித் திறந்திருக்கவில்லை. ஊரடங்கால் மாலை 5 மணிக்கே மூடினார்கள். அப்போது பீப்பாய் 965 ரூபாய் அளவில் இருந்தது. இதற்குக் கீழே எங்கே போகும் என்று வாங்கியவர்கள் உண்டு. நியூயார்க்கில் விலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியபோது இங்கே மணி பதினொன்றரையைத் தாண்டியிருந்தது, விற்க வழியில்லை. அந்த நியூயார்க் விலையை ஒட்டி இங்கே ஒப்பந்தம் மைனஸ் 2,884 ரூபாயில் தீர்க்கப்பட்டது. நூறு பீப்பாய் கொண்ட ஒரு லாட்டுக்கு 3.8 லட்சம் ரூபாய் நட்டம். தரகர்கள் மும்பை உயர் நீதிமன்றம் வரை போனார்கள்.