விடுப்புக்குப் பிறகு என்ன?

முனைவர் பட்ட மாணவியருக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு அளிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு வழிசெய்திருப்பதைக் நான் படித்த ஒரு கட்டுரை பெரிய ஆறுதலாகக் காட்டுகிறது. அந்த விடுப்பை எடுத்தவள் என்ற முறையில் எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. நான் திரும்பியபோது குழந்தைக்கு ஏழு மாதம். துறைக் கட்டடத்தில் பால் கொடுக்க ஓர் இடமில்லாததால், பழைய விடைத்தாள் கட்டுகள் அடுக்கிய சிற்றறையில், கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து அமர்ந்திருக்கிறேன். ஆய்வேட்டின் மூன்றாம் இயலை, தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டேதான் தட்டச்சு செய்தேன் (அதில்தான் பிழை குறைவு என்றார் நெறியாளர்). ஆய்வை முடிக்கப் பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டு அவகாசம் உண்டென்பது உண்மையே; ஆயினும் உதவித்தொகை 5ஆம் ஆண்டோடு நின்றுபோன எனக்கு, அந்த அவகாசத்தைவிட வளாகத்திலேயே ஒரு குழந்தைகள் காப்பகம்தான் தேவைப்பட்டது; அது இருந்திருந்தால் உரிய காலத்திலேயே முடித்திருப்பேன்.