ரோமானியச் ‘செஞ்சுரி’யில் நூறு பேரா?

ரோமப் பேரரசின் படையில் ‘செஞ்சுரி’ என்ற படைப்பிரிவு என்றால் சரியாக 100 வீரர்கள், பெயரே அதைத்தான் சொல்கிறது என்று ஒரு பதிவு பகிரப்படுகிறது. பெயர் நூறிலிருந்து வந்தது என்பது சரி. ஆனால் பேரரசுக் காலத்தில் ஒரு முழுச் செஞ்சுரிக்கு 80 பேர்தான். ஒரே தோல் கூடாரத்தில் எட்டுப் பேர் படுப்பார்கள், ஒரே திரிகையில் மாவரைப்பார்கள். அப்படிப் பத்துக் குழு சேர்ந்தது ஒரு செஞ்சுரி.

நீங்களே சரிபார்க்கலாம். ஹைஜினஸ் என்பவர் பெயரில் வழங்கும், ரோமானியப் படை முகாம் அமைப்பு பற்றிய பழைய லத்தீன் நூலின் மொழிபெயர்ப்பை எடுத்து, தொடக்கத்தைப் பாருங்கள். முழுச் செஞ்சுரிக்கு 80 வீரர்கள், கூடாரத்துக்கு எட்டுப் பேர் என்று அங்கேயே இருக்கிறது. பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அந்த எண்ணைத் திருத்திவிடுங்கள்.