பிள்ளைகளிடம் எதையும் கேட்காத செயலி

ஒன்பதாம் வகுப்பில் முக்கோணத்தின் செங்கோட்டு மையத்தை நடத்திய எல்லா ஆண்டுகளிலும் நான் கரும்பலகையில் ஒரே வகை முக்கோணத்தைத்தான் வரைந்து வந்திருக்கிறேன். மூன்று கோணங்களும் குறுங்கோணமாக இருந்தால், முனைகளில் இருந்து எதிர்ப்பக்கங்களுக்கு வரையும் குத்துக்கோடுகள் மூன்றும் முக்கோணத்துக்கு உள்ளேயே ஒரு புள்ளியில் சந்திக்கும், படமும் அழகாக முடியும், பாடவேளையும் அதோடு முடிந்துவிடும். விரிகோண முக்கோணமாக இருந்தால் அந்தப் புள்ளி வெளியே விழும் என்பதை வாயால் சொல்வேன், பிள்ளைகளும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் சரியாகவும் எழுதிவிடுவார்கள். ஏன் வெளியே போகிறது என்று அவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்தது என்பதை நான் அறிந்துகொள்ள முயன்றதே இல்லை.

முதன்முறையாக அதை ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் காட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடிப்பக்கத்தை அப்படியே வைத்துவிட்டு மேல் முனையை மட்டும் மெல்லக் கீழே இழுத்தேன். முனை இறங்க இறங்க, உள்ளே இருந்த புள்ளி மேலே ஏறத் தொடங்கியது. முனையில் இருந்த கோணம் 90 பாகையாகிய கணத்தில் புள்ளியும் முனையும் ஒன்றாயின. இன்னும் சற்று இறக்கியதும் புள்ளி முனையைக் கடந்து முக்கோணத்துக்கு வெளியே போய் நின்றது. கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்து, "மிஸ், இன்னும் கீழ இறக்குனா அது எங்க போகும்?" என்று கேட்டான். இறக்கினேன். முனை அடிப்பக்கத்தை நெருங்கியபோது புள்ளி திரையின் மேல்விளிம்பைத் தாண்டிக் காணாமல் போனது. வகுப்பு முழுவதும் திரைக்கு மேலே இருந்த சுவரைப் பார்த்தது. முடிவிலி என்ற சொல்லை அன்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மென்பொருள் 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்ற மாணவர் தம் முதுகலை ஆய்வுக்காக உருவாக்கியது. வணிக நோக்கமில்லாமல் பயன்படுத்துவோருக்கு இலவசம். நம் தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் பாட முடிவில் வரும் 'இணையச் செயல்பாடு' பக்கங்கள் பெரும்பாலும் இதைக் கொண்டே அமைந்திருக்கின்றன. அந்தப் பக்கத்தை அவசரத்தில் புரட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகும் ஆசிரியர்களுள் நானும் ஒருத்தியாக இருந்தேன் என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

ஆகவே வகுப்பறைக்கு இலவசச் செயலிகள் வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. எந்தச் செயலி என்பதில்தான், சக ஆசிரியர்கள் பலரோடு நான் மாறுபடுகிறேன். பிள்ளையிடம் பெயர், கைபேசி எண், தனிக் கருவி ஆகிய எதையும் கேட்காத செயலியை மட்டுமே வகுப்புக்குள் விட வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்ப்பது வடசென்னையில். என் வகுப்புப் பிள்ளைகளில் பலரின் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அது காலையில் அப்பாவோடு துறைமுகத்துக்கோ ஆட்டோ ஸ்டாண்டுக்கோ போய்விட்டு இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்பும், அப்போதும் ரீசார்ஜ் தீராமல் இருந்தால்தான் உதவும். இது தெரிந்தும், சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வினாடி வினா செயலியை நான் வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். முழுவதும் இலவசம், வண்ணமயமாக இருந்தது, யார் எத்தனை சரியாகச் செய்தார்கள் என்ற பட்டியலும் எனக்கு உடனே கிடைத்தது. உள்ளே நுழைய ஓர் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட வேண்டும். பிள்ளைகள் அம்மாவின் எண்ணையோ அப்பாவின் எண்ணையோ கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு தாய், கூட்டம் முடிந்த பிறகும் தயங்கி நின்றார். "மிஸ், தெனமும் எவனோ போன் பண்றான். உங்க பொண்ணு கணக்குல வீக்கு, எங்க கிளாஸ்ல சேத்து விடுங்கன்றான். என் பொண்ணு வீக்குன்னு அவனுக்கு யாரு மிஸ் சொன்னது?" என்று கேட்டார். அவர் கேட்டது கோபத்தில் அல்ல. பள்ளியில் நடந்தது வெளியே எப்படிப் போயிற்று என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். அவருக்குச் சொல்ல என்னிடம் நேரான பதில் இல்லை. அந்தச் செயலியில் இருந்துதான் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் அந்தப் பெண் தவறாகச் செய்த கணக்குகளும் அவள் அம்மாவின் எண்ணும் ஒன்றாக இருந்த வேறு இடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். கொரோனா காலத்தில் 49 நாடுகளில் அரசுகள் பரிந்துரைத்த 160-க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, அவற்றில் 89 விழுக்காடு பிள்ளைகளின் உரிமைகளுக்கு ஊறு விளைவிக்கும் வகையில் தரவுகளைக் கையாண்டதாக 2022-இல் அறிக்கை வெளியிட்டது. நம் நாட்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 பதினெட்டு வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தைகளாகவே கொண்டு, அவர்களின் தரவுகளைப் பெறுவதற்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது, அவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களையும் தடுக்கிறது. அம்மாவின் போனில் வந்த ஓடிபியைப் பிள்ளையே பார்த்துப் போட்டதை ஒப்புதல் என்று சொல்ல என் மனம் இடம் கொடுக்கவில்லை. அந்த ஒப்புதலை நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது வினாடி வினாவுக்கு நான் பிளிக்கர்ஸ் என்ற செயலியைப் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை, அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம், நான்கு விளிம்புகளிலும் ஏ, பி, சி, டி என்று மிகச் சிறிய எழுத்துகள். கேள்வி திரையில் வந்ததும் தனக்குச் சரியென்று படும் விடையின் எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நான் என் போனின் கேமராவை வகுப்பின் ஒரு கோடியில் இருந்து மறுகோடி வரை காட்டினால் எல்லா விடைகளும் பதிவாகிவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதவும் வழியில்லை. பெயர்களுக்குப் பதிலாக வரிசை எண்களை மட்டும் ஏற்றியிருக்கிறேன். அட்டைகளை ஏ4 தாளில் அச்சிட்டுச் சார்ட் அட்டையில் ஒட்டிவிட்டால் ஓராண்டு தாங்கும். லேமினேட் செய்துவிடாதீர்கள், டியூப் லைட் வெளிச்சம் பட்டு மின்னும், கேமராவுக்குக் கட்டங்கள் தெரியாது.

இன்னொரு கவலையும் இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பது நாளையும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்திய கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. நான் இவ்வளவு புகழ்ந்த ஜியோஜீப்ராவையே 2021 இறுதியில் பைஜூஸ் நிறுவனம் வாங்கியது, அந்த நிறுவனம் 2024-இல் திவால் வழக்கில் சிக்கியது. செயலி இலவசமாகவே தொடர்கிறது என்றாலும், அதன் இணையமில்லாப் பதிப்பையும் நான் உருவாக்கிய கோப்புகளையும் இரண்டு பென் டிரைவ்களில் வைத்திருக்கிறேன்.

இந்த வகையில் எனக்கு மிகவும் நிறைவு தருவது ஃபெட். நோபல் பரிசு பெற்ற இயற்பியலர் கார்ல் வீமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, திரையில் நாமே இயக்கிப் பார்க்கும் உருவகப்படுத்தல்களின் தொகுப்பு இது. அறிவியலுக்கும் கணக்குக்கும் ஏராளமாக உண்டு, பலவும் தமிழிலேயே கிடைக்கின்றன. உள்நுழைவு கேட்பதில்லை. ஒரு முறை பதிவிறக்கிய கோப்பு இணையம் இல்லாமலும் எந்த உலாவியிலும் ஓடும். பின்னங்களைக் கண்ணால் பார்த்துக் கூட்டுவதற்கு ஆறாம் வகுப்புக்கு இதைவிட நல்ல துணையை நான் கண்டதில்லை.

ஆசிரியரே திரையில் இயக்கிக் காட்டினால் பிள்ளைகள் வெறும் பார்வையாளர்களாகிவிடுவார்களே என்று என் ஸ்டாஃப் ரூமிலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்காகவே வாரம் ஒரு பாடவேளை கணினி ஆய்வகத்துக்கு அழைத்துப் போய், மூன்று பேருக்கு ஒரு கணினி என்று உட்காரவைத்து, முன்பே ஏற்றிவைத்த கோப்புகளைத் திறக்கச் சொல்கிறேன். மவுஸ் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும் என்பது மட்டுமே விதி. அந்தக் கணினிகளில் எந்தப் பிள்ளையின் பெயரும் இல்லை.

புதிய செயலி எதையாவது யாராவது பரிந்துரைத்தால், முதலில் என் போனில் மாணவராக உள்ளே நுழைந்து பார்க்கிறேன். எண் கேட்கும் இடத்தில் மூடிவிடுகிறேன். அப்படி மூடியவற்றில் மிகச் சிறந்த செயலிகளும் உண்டு, மூடும்போது வருத்தமாகவே இருக்கிறது.

அந்தத் தாயைப் போன மாதம் பள்ளி வாசலில் பார்த்தேன். அவர் மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. அழைப்புகள் நின்றுவிட்டனவா என்று கேட்டேன். "வருது மிஸ். இப்போ நீட் கோச்சிங்குன்னு பேசுறாங்க" என்றார்.