தகட்டைத் தொடாமல் பிரெட் வில்லியம்ஸைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு

ஆஸ்திரேலிய நிலக்காட்சிக் கலைஞர் பிரெட் வில்லியம்ஸைப் பற்றிச் சனிக்கிழமை நடந்த உரையில் என்ன ஆயிற்று என்று திரும்ப எழுதப் போவதில்லை. காணொளியை உங்களில் பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள். மீதிப் பேருக்கு யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள், நான் எழுந்து குரல் உயர்த்தும் இடத்தை மட்டும் வெட்டி. அதற்கு முன்னால் பேச்சாளர் சொன்னது அந்தத் துண்டில் இல்லை. "பிரெட் வில்லியம்ஸ் அடிப்படையில் ஓவியர், ஓய்வு நேரத்தில் கொஞ்சம் அச்சு வேலையும் பார்த்தார்" என்றார். அரங்கில் பலர் தலையாட்டினார்கள். என்னால் ஆட்ட முடியவில்லை.

ஓய்வு நேரமாம். எந்த ஓய்வு நேரம்? 1927-இல் மெல்பர்னின் ரிச்மண்டில் பிறந்த அந்த மனிதர் 14 வயதில் பள்ளியை விட்டு, கடைகளுக்கு அலமாரியும் முகப்பும் செய்துதரும் நிறுவனத்தில் தொழில் பழகப் போனவர். 1943 முதல் நேஷனல் கேலரி கலைப்பள்ளியில் படித்தார், பிறகு ஓவியர் ஜார்ஜ் பெல்லிடமும் கற்றார். 1950-களில் லண்டனுக்குப் போனபோது வயிற்றுப்பாட்டுக்குப் படச்சட்டம் போடும் கடையில் வேலை, செல்சி கலைப்பள்ளியில் வகுப்பு, போதாததற்கு சென்ட்ரல் கலைப்பள்ளியில் எட்சிங். மியூசிக் ஹால் என்கிற கேளிக்கை அரங்குகளில் உட்கார்ந்து, பாடுகிறவர்களையும் வித்தை காட்டுகிறவர்களையும் வரைந்து, அதைத் தகட்டில் ஏற்றினார். இதற்குப் பெயர் ஓய்வு என்றால், அப்படியோர் ஓய்வு எனக்குக் கிடைத்திருந்தால் நான் ஆறே மாதத்தில் படுத்திருப்பேன்.

எட்சிங் என்கிற அச்சுமுறை என்னவென்று தெரியாததால் வருகிற பேச்சு இது. உலோகத் தகட்டின் மேல் மெழுகு கலந்த பூச்சைத் தடவ வேண்டும். ஊசியால் கீறினால் பூச்சு விலகி உலோகம் தெரியும். தகட்டை அமிலத்தில் இறக்கினால் கீறிய இடத்தை மட்டும் அது அரிக்கும். எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கறுப்பு. பிறகு பூச்சை நீக்கி, பள்ளங்களில் மையைத் தேய்த்து ஏற்றி, மேலே நிற்கும் மையைத் துடைத்து, நனைத்த காகிதத்தை வைத்து உருளைப் பிரஸ்ஸில் ஓட்ட வேண்டும். வருகிற படம் இடவலம் மாறி வரும். திருப்தி இல்லையென்றால் தகட்டைச் சுரண்டி மீண்டும் அமிலத்தில் இறக்கலாம். வில்லியம்ஸ் அதைத்தான் சலிக்காமல் செய்தார். எட்சிங், அமிலத்தால் நிழல்சாயல் எழுப்பும் அக்வாடின்ட், அமிலமே இல்லாமல் ஊசியால் தகட்டை நேரே கீறும் ட்ரைபாயின்ட் எல்லாவற்றையும் கலந்து தகடுகளை நிலை நிலையாக மாற்றிக்கொண்டே போனார். எங்கோ இருக்கும் ஓர் அசலைப் பார்த்து எடுத்த நகல் அல்ல இது. அசலே இதுதான். புரியாதவர்களுக்கு இன்னொரு முறை: அசலே இதுதான்.

எங்கள் வீட்டு முன்னறையில் ஓர் எட்சிங் மாட்டியிருக்கிறேன். வில்லியம்ஸுடையது அல்ல, அவ்வளவு வசதி இருந்தால் நான் ஏன் முகநூலில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். மாலை வகுப்பில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியை தந்தது. ஊரிலிருந்து வந்த சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைக் கிட்டப் போய்ப் பார்த்தார். கீழே பென்சிலில் எழுதியிருந்த பிரதி எண்ணைப் படித்தார். "இதே படம் வேறு வீடுகளிலும் இருக்கிறதாப்பா?" என்றார். இருக்கிறது சித்தப்பா என்றேன். "அப்படியானால் அசல் யாரிடம் இருக்கிறது?" என்றார். சித்தப்பா மேல் எனக்கு வருத்தமே இல்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தெரியாததைக் கேட்டார். தகட்டை எடுத்துக் காட்டியதும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரிதான், இத்தனை பேரும் அசலைத்தான் வைத்திருக்கிறார்கள்" என்றார். அவருக்குப் புரிந்தது, ஒலிவாங்கி பிடித்துக் கலை வரலாறு பேசுகிறவருக்குப் புரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1956-இன் கடைசியில் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினார். யூக்கலிப்டஸ் மரத்தை வரையப் போகிறேன் என்று ஓவிய நண்பர் ஜான் பிராக்கிடம் சொன்னபோது, அதையெல்லாம் எல்லோரும் வரைந்து தீர்த்துவிட்டார்களே என்று பிராக் தடுத்ததாக ஒரு கதை உண்டு. மெல்பர்ன் நண்பர் வட்டம் அன்று மனித உருவங்களில் மூழ்கியிருந்தது. 1959-இல் பிராக், ஆர்தர் பாய்ட், சார்லஸ் பிளாக்மன் போன்றோர் ஆன்டிபோடியன்ஸ் என்ற பெயரில் கூடிக் கண்காட்சி வைத்தபோது வில்லியம்ஸ் அதில் இல்லை. நெருங்கிய நண்பர்கள் நடத்திய கண்காட்சியில் இடமில்லை என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே விவரிக்கப் போவதில்லை.

அவர் கோபித்துக்கொண்டு முகநூல் பதிவு எழுதவில்லை. காட்டுக்குப் போனார். டாண்டினாங் மலையின் ஷெர்புரூக் காட்டில் நெட்டுக்குத்தாக நிற்கும் அடிமரங்கள். அதற்குப் பிறகு யூ யாங்ஸ். மெல்பர்னிலிருந்து ஜீலாங் போகும்போது வலப்பக்கம், தட்டையான எரிமலைப்பாறைச் சமவெளியில் திடீரென்று எழுந்து நிற்கும் கருங்கல் குன்றுகள். மேலே ஏறி நின்றால் கீழே சமவெளி விரிந்து கிடக்கும். அங்கொன்று இங்கொன்றாக மரம், புதர், வேலி. மையமாக எதுவுமில்லை. ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியங்களில் பழகிய கண்ணுக்கு, வரைவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. 1960-களின் தொடக்கத்தில் அவர் வரைந்த யூ யாங்ஸ் படங்களில் பலவற்றில் அடிவானமும் இல்லை. நிலம் நிமிர்ந்து சுவராக நிற்கிறது, மரம் ஒரு தடிப்பான வண்ணப் புள்ளியாக அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது? பேச்சாளர் 'சீன ஓவியத் தாக்கம்', 'அருவ ஓவியப் போக்கு' என்றெல்லாம் அடுக்கினார். இருக்கட்டும். தகட்டை ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? ஊசியால் இலை இலையாக மரம் வரைந்தால் அமிலத்தில் எல்லாம் கலந்து கறுப்புத் திட்டாகிவிடும். சின்னத் தகட்டில் மரத்துக்கு ஒரு கீறலோ ஒரு திட்டோதான் இடம். அதற்குள் அது மரமாகவும் இருக்க வேண்டும், மண்ணில் நிற்கவும் வேண்டும். இந்தக் கஞ்சத்தனத்தைக் கை தகட்டில் பழகியதால்தான் தூரிகையும் அப்படிப் பேசியது என்பது என் வாதம். அவர் ஒரே இடத்தை கோவாஷ் என்கிற ஒளி ஊடுருவாத நீர்வண்ணத்தில் வரைவார், எண்ணெயில் வரைவார், எட்சிங்கில் போடுவார், மறுபடி எண்ணெய்க்குத் திரும்புவார். இதில் ஒன்றை மட்டும் பிடுங்கி 'ஓய்வு நேரம்' என்று ஓரமாக வைப்பது என்ன நியாயம்?

"ஆனால் அவருக்குப் பரிசு வாங்கித் தந்தது ஓவியம்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம் ஐயா. 1966-இல் அப்வே நிலக்காட்சிக்கு வின் பரிசு (ஆஸ்திரேலியாவில் நிலக்காட்சிக்குத் தரும் பரிசு), 1976-இல் கோசியஸ்கோ மலைக்கு மறுபடியும் வின் பரிசு. இரண்டும் ஓவியங்கள்தான், மறுக்கவில்லை. 1977-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. ஆஸ்திரேலியக் கலைஞர் எவருக்கும் அதற்கு முன் அங்கே அது கிடைத்ததில்லை. அங்கே தொங்கியவை என்ன தெரியுமா? காகிதத்தில் கோவாஷ். பேச்சாளர் இதையும் சொன்னார், ஆனால் 'ஓவியங்கள்' என்று சொல்லிக் கடந்துவிட்டார். அவருக்குக் காகிதம் என்றாலே ஒவ்வாமை போலிருக்கிறது.

பல பிரதிகள் இருப்பதால் விலை குறைவு, ஆகவே மதிப்பும் குறைவு என்கிற நண்பருக்குப் பதில் இல்லை. அவர் மனை வாங்கி விற்கட்டும்.

அடுத்த கேள்வி கொஞ்சம் கனமானது. அதைக் கேட்டவர் ஓர் இளம்பெண். யூ யாங்ஸ் வதவுரங் என்கிற பூர்வகுடி மக்களின் நிலம், வெறுமை வெறுமை என்று நீங்கள் கொண்டாடும் இடத்தில் அவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறார்களே என்றார். மேற்கு ஆஸ்திரேலியாவின் சுரங்கப் பகுதியான பில்பராவையும் இழுத்தார். 1979-இல் வில்லியம்ஸ் பில்பராவுக்குப் போனது சி.ஆர்.ஏ. சுரங்க நிறுவனத்தின் தலைவர் ராட் கார்னகியின் அழைப்பில். இரும்புத்தாது மண்ணின் சிவப்பும் மஞ்சளுமாக அங்கே வரைந்த கோவாஷ்களிலிருந்து 1981-இல் பெரிய எண்ணெய் ஓவியங்கள் செய்தார். அந்த நிறுவனம்தான் பின்னர் ரியோ டின்டோ என்ற சுரங்கப் பெருநிறுவனத்தில் சேர்ந்தது. ரியோ டின்டோ 2001-இல் அந்த ஓவிய வரிசையை மெல்பர்னின் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்துக்குக் கொடுத்தது. 2020 மே மாதத்தில் அதே பில்பராவில், 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த தடயங்கள் இருந்த ஜூகன் பள்ளத்தாக்குக் குகைகளை வெடிவைத்துத் தகர்த்ததும் ரியோ டின்டோதான்.

இதற்கு என்ன சொல்வேன்? வில்லியம்ஸ் 1982 ஏப்ரலில் நுரையீரல் புற்றுநோயால் 55 வயதில் இறந்துவிட்டார், 2020-க்கு அவரைக் கூண்டில் ஏற்ற முடியாது என்று சொல்லலாம். சொல்கிறேன். அது முழுப் பதிலாகாது என்று அந்தப் பெண் திருப்பிச் சொல்வார். சொல்லட்டும். ஆனால் ஒன்று: அந்தப் பெண் கேட்டது நிலத்தைப் பற்றிய கேள்வி, படங்களைப் பார்த்துவிட்டு வந்த கேள்வி. சனிக்கிழமை மேடையில் நின்றவருக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. அவருக்கு வந்தது வேறு கேள்வி. "நீங்கள் முறையாகக் கலை படித்தவரா?" என்று என்னிடம் கேட்டார். அரங்கம் சிரித்தது. காணொளியில் அந்தச் சிரிப்பையும் வெட்டிவிட்டார்கள்.

சிரித்தவர்களில் என் வீட்டில் சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். கோடையில் ஜீலாங் சாலையில் என் காரில் வந்து, "என்னப்பா இந்த ஊரில் பார்க்க ஒன்றுமே இல்லை, பச்சையே கிடையாது" என்று வழிநெடுகப் புலம்பியவர்கள். அவர்களுக்கு நிலம் என்றால் வயல் இருக்க வேண்டும், ஆறு இருக்க வேண்டும், செல்பி எடுக்க ஓர் அருவி இருக்க வேண்டும். காய்ந்த புல்லும் பத்துப் பதினைந்து மரமும் அவர்கள் கணக்கில் வராது. ஆண்டுக் கணக்கில் இங்கே வீடு வாங்கி வாழ்ந்தும் ஜன்னலுக்கு வெளியே என்ன நிற்கிறது என்று பார்த்ததில்லை. 1968-இல் காட்டுத்தீ அப்வேயில் வில்லியம்ஸின் வீட்டுக்கு வெகு அருகே வந்து நின்றது. தீ போனபின் அவர் கரிந்த சரிவையும், சாம்பலில் முளைத்த பெரணியையும் வரிசையாக வரைந்தார். நம் ஆட்களாக இருந்தால் காப்பீட்டுப் படிவத்தை வரிசையாக நிரப்பியிருப்பார்கள். அதில் தவறில்லை, நானும் நிரப்பியிருப்பேன். ஆனால் பெரணியைப் பார்த்தவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

"ஒரு சொல்லுக்காக இவ்வளவு நீளமா, பேச்சாளர் வயதில் மூத்தவர் அல்லவா" என்று எழுதுவீர்கள். மூத்தவர்தான், மரியாதையாகத்தான் கேட்டேன், முதல் முறை. இரண்டாம் முறைதான் குரல் உயர்ந்தது. எட்சிங் படங்களுக்கு அவர் ஒதுக்கியது ஒரே ஒரு ஸ்லைடு, அதுவும் தேநீர் வந்துவிட்டது என்று அறிவிப்பு வந்த நேரத்தில். ஒரு மனிதரின் பாதி உழைப்பைத் தேநீருக்குக் கொடுத்துவிட்டு மீதியை 'வாழ்வும் கலையும்' என்று தலைப்பிட்டால் யாராவது எழுந்துதான் ஆக வேண்டும்.

பின்குறிப்பு: நான் எங்கே படித்தேன், என்ன பட்டம் என்று உள்பெட்டியில் விசாரித்துக்கொண்டிருக்கும் மூன்று கனவான்களுக்கு: 14 வயதில் பள்ளியை விட்டவரைப் பற்றிப் பேசக் குறைந்தபட்சம் எந்தப் பட்டம் வேண்டும் என்று நீங்கள் மூவரும் கலந்து பேசி முடிவு செய்யுங்கள். சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.