பேனாவால் அடித்துத் திருத்திய பாலைவனப் பயணம்

“சென்னை வெயிலையே தாங்கியவர்கள் நீங்கள், ஜெய்சல்மேர் வெயில் உங்களை என்ன செய்துவிடும்?” இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மைத்துனர் கேட்டார், மாடி வீட்டு அண்ணன் கேட்டார். அவர்கள் தெரியாமல் கேட்கிறார்கள், போகட்டும். பாரிமுனையில் எங்களுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்பவரும் அதையே கேட்டபோதுதான் வயிறு எரிந்தது. அவருக்கு இது தொழில். தெரிந்திருக்க வேண்டாமா?

அப்பாவுக்கு 71 வயது. துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மேரில் 1156-இல் ராவல் ஜெய்சல் என்ற அரசர் எழுப்பிய அந்த மஞ்சள் கல் கோட்டையைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய பல வருடத்து ஆசை. இன்றும் உள்ளே குடும்பங்கள் சமைத்துச் சாப்பிட்டு வாழ்கிற கோட்டை அது. போக நல்ல காலம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது மே மாதத்தில்தான். அரையாண்டு விடுமுறையில் ஜோத்பூர் வரை ரயிலில் போய்த் திரும்புவதற்கே விடுமுறையில் பாதி கரைந்துவிடும். வேறு வழியில்லாமல்தான் கோடையில் கிளம்புகிறோம். அந்த வெயிலுக்கு ஏற்றபடி நேரம் பிரித்துக் கொடுங்கள் என்றுதானே சுற்றுலா ஏற்பாடு செய்யும் இவரிடம் முன்பணம் கட்டினோம்?

அவர் கொடுத்த தாள் இப்போது என் கையில் இருக்கிறது. காலை 10.30-க்கு கடிசர் ஏரி. 12 மணிக்குக் கோட்டை. பிற்பகல் 2.30-க்கு சாம் மணல் குன்றுகளில் ஒட்டகச் சவாரி. மே மாதம், பிற்பகல் 2.30, மணல் குன்று! தாளின் மேல் மூலையைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அச்சாகியிருந்த டிசம்பர் தேதியை நீலப் பேனாவால் ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டுப் பக்கத்தில் மே மாதத் தேதியை எழுதியிருக்கிறார். வேறு எதையும் தொடவில்லை. குளிர்காலப் பயணிக்குப் போட்ட திட்டத்தை என் அப்பாவின் தலையில் கட்டியிருக்கிறார். “சீசன் இல்லாத நேரம், அறை வாடகை பாதிதான்” என்று பெருமையாக வேறு சொன்னார். ஏன் பாதி வாடகை என்று ஒரு வார்த்தை சொன்னாரா? கோடையில் அந்த மணல் குன்றுப் பக்கம் கூடார விடுதிகள் பலவற்றை மூடியே வைத்துவிடுகிறார்கள் என்று சொன்னாரா?

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்குப் போகும் ரயில் பாதையில் பலோடி என்ற ஊர் இருக்கிறது. 2016 மே 19 அன்று அங்கே 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. நம் ஊரில் 2003 மே கடைசியில் 45 டிகிரியைத் தொட்டபோது நாம் பட்ட பாடு மறந்துவிட்டதா? அதுவும் நமக்குக் கடல் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் கத்திரி வெயில் கொளுத்தினாலும், பிற்பகலில் காசிமேட்டுப் பக்கமிருந்து காற்று திரும்பினால் மூச்சு வருகிறது. இங்கே வேர்த்துச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்வதால் தண்ணீர் குடிக்கத் தோன்றுகிறது. அங்கே காற்று வறண்டது. வேர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். உடம்பிலிருந்து நீர் போவது தலை சுற்றும்போதுதான் தெரியும். அப்பா ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர். அவரை அந்த மணலில் ஒட்டகத்தின்மேல் ஏற்றுவதாம்!

சௌகார்பேட்டையில் நாங்கள் பாத்திரம் வாங்குகிற கடைக்காரருக்கு அந்தப் பக்கம்தான் பூர்வீகம். தாளைக் காட்டினேன். பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார். “வெயில் காலத்தில் ஊருக்குப் போனால் நாங்களே பதினோரு மணிக்குள் வீட்டுக்குள் போய்விடுவோம் அம்மா, சாயங்காலம்தான் வெளியே வருவோம்” என்றார். அந்த ஊரைக் கட்டியவர்களும் அப்படி நினைத்துத்தானே கட்டியிருக்கிறார்கள்! எதிரெதிர் வீடுகளின் நிழல் விழும்படி குறுகிய சந்துகள், தடித்த சுவர்கள், காற்று மட்டும் நுழையும்படி கல்லில் குடைந்த பலகணிகள். பட்வா ஹவேலி என்கிற பழைய வணிகர் மாளிகையின் முகப்பைப் படத்தில் பார்த்தாலே புரிகிறதே, வெயிலை எப்படி வெளியே நிறுத்தினார்கள் என்று. அவ்வளவு அறிவோடு கட்டிய ஊரை உச்சி வெயிலில் ஓட்டமாக ஓடிப் பார்க்கச் சொல்கிறார் இந்த மனிதர்.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. விடியற்காலையில் கோட்டை, ஒன்பதரைக்குள் அறை, வெயில் இறங்கியபிறகு ஏரி. மணல் குன்றே வேண்டாம் என்றேன். “வண்டிக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார், மாற்றினால் முன்பணம் திரும்பாது” என்கிறார்.

திரும்பாவிட்டால் போகட்டும். நேற்று ராத்திரி உட்கார்ந்து நானே நேரம் போட்டுவிட்டேன். ஜெய்சல்மேரில் இரண்டு நாள் என்பதை மூன்றாக்கியிருக்கிறேன். அப்பா அந்தத் தாளை வாங்கி, கோட்டை என்று எழுதியிருந்த இடத்தில் ‘காலை 6 மணி’ என்பதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, மடித்துத் தன் மாத்திரை டப்பாவுக்குள் வைத்துக்கொண்டார்.